மாமாவின் டிடிபி கடை என் கம்ப்யூட்டருக்குள் வந்த கதை

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். திங்கள்சந்தையிலிருந்து வந்த ஆட்டோ எங்கள் வீட்டு நடையில் நின்றது. உள்ளே மாமா. மடியில் உரச்சாக்கு போட்டு மூடிய பழைய கம்ப்யூட்டர் கேபினெட். தான் நனைந்தாலும் அது நனையக்கூடாது என்று கட்டிப் பிடித்தபடி இறங்கினார்.

"மக்கா, எனக்க கடை முழுக்க இதுக்குள்ளதான் கெடக்கு. எடுத்துத் தந்துருவியாடே?"

திங்கள்சந்தையில் இருபது வருஷத்துக்கு மேல் டிடிபி கடை வைத்திருந்தவர் மாமா. கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாள் அடியந்திரக் கார்டு என்று இரணியல் வட்டாரத்தின் நல்லதும் கெட்டதும் அவர் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போயின. கொரோனா வருஷத்தில் கடையை மூடினார். மேசை, நாற்காலி, லேசர் பிரிண்டர் எல்லாம் விற்றுப்போயின. இந்த பென்டியம் 4 கேபினெட்டை மட்டும் விற்க மனசில்லாமல் தட்டின்மேல் தூக்கி வைத்துவிட்டார்.

இப்போது அதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் ஒரு புத்தகம். இரணியல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அரண்மனைதான் நினைவு வரும். எனக்கு நினைவு வருவது தறிச்சத்தம். நான் பள்ளிக்கூடம் போன தெருவில் வீட்டுக்கு வீடு அது கேட்டது. அந்தத் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நெசவுக்காரர்கள் பேசும் சொற்களை வருஷக்கணக்கில் கேட்டு எழுதி ஒரு சொற்தொகுதி செய்திருந்தார். பாவு, ஊடை, நாடா, விழுது, தார் என்று தொடங்கி, அகராதியில் நான் தேடியும் கிடைக்காத சொற்கள் வரை. 2004-இல் மாமா கடையில் கொடுத்து 56 பக்கமாக கம்போஸ் செய்தார். அச்சுக்குக் காசு சேரவில்லை. ஆசிரியர் காலமாகிவிட்டார், கையெழுத்து நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. அவருடைய மகள் போன மாதம் மாமாவைத் தேடி வந்து, "அண்ணே, அப்பாவோட அது உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

இருந்தது. பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பாக, விண்டோஸ் எக்ஸ்பியில், 40 ஜிபி ஹார்டு டிஸ்க்கில், உயிர் போன ஒரு கேபினெட்டுக்குள்.

கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்து இன்றைய கணினியில் திறந்தால் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள். திறந்தால் தமிழ் வராது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 1990 முதல் 2010 வரை தட்டச்சு செய்யப்பட்டதில் பெரும்பகுதிக்கு நேர்ந்திருப்பது இதுதான்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. விண்டோஸில் அது வேலை செய்யத் தொடங்கியது லதா எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000-இல்தான். பேஜ்மேக்கர் கடைசிவரை யூனிகோடு தமிழை அறியாத மென்பொருள். ஆகவே டிடிபி கடைகள் வேறு வழியில் போயின. ஆங்கில எழுத்து உட்காரும் இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள் வந்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். தமிழ் என்ற நினைவே கோப்பில் இல்லை, அது முழுக்க எழுத்துருவில்தான் இருக்கிறது. எழுத்துரு போனால் அம்மா போய்விடுவாள். அதுவும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு இட ஒதுக்கீடு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010-இல் யூனிகோடும் டேஸ்16-உம் அரசின் தரமாயின. அதற்குள் கடைகளில் லட்சக்கணக்கான பக்கங்கள் பழைய முறைகளில் குவிந்துவிட்டன.

எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை நாங்கள் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் பல வீட்டுப் பெட்டிகளில் பழைய பிரமாணங்கள், அதாவது பத்திரங்கள், மலையாளத்தில் கிடக்கின்றன. தாள் நன்றாக இருக்கும், முத்திரை இருக்கும், வாசிக்கத்தான் வீட்டில் ஆள் இருக்காது. அதற்கென்று பழக்கமுள்ள ஒரு பெரியவரைத் தேடிப் போகவேண்டும். மாமாவின் கோப்புகளும் அப்படித்தான். வாசிக்கத் தெரிந்த அந்தப் பெரியவர் இங்கே ஒரு கூட்டுக்குடும்பம்: எக்ஸ்பி, பேஜ்மேக்கர், அந்த எழுத்துருக்கள், மாமா காசு கொடுத்து வாங்கிய தமிழ் மென்பொருள், செருகினால்தான் அது திறக்கும் யுஎஸ்பி பூட்டு. ஒருவரை மட்டும் தனியாகக் கூட்டி வந்தால் பேசமாட்டார்.

பழைய எழுத்துரு உரையை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருள்கள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். என்எச்எம் மாற்றியைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன், நன்றி சொல்லவேண்டிய உழைப்பு அது. ஆனால் மாற்றி உரையைத்தான் தரும், பக்கத்தைத் தராது. ஆசிரியரின் தொகுதியில் சொல் ஒரு பத்தியில், பொருள் ஒரு பத்தியில், நடுநடுவே தறியின் கோட்டுப்படங்கள். எந்தச் சொல் எந்தப் படத்தின் எந்த உறுப்பைக் குறிக்கிறது என்பதே பக்க அமைப்பில்தான் இருக்கிறது. அமைப்பு குலைந்தால் பாதிப் புத்தகம் போச்சு. ஆகவே அந்தக் கூட்டுக்குடும்பம் மொத்தத்தையும் குடிவைக்க ஒரு வீடு வேண்டும். அதற்குப் பெயர்தான் விர்ச்சுவல் மெஷின், மெய்நிகர் கணினி.

ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியைக் கட்டுவது. உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குத் தான் ஒரு ஜன்னலுக்குள் ஓடுகிறோம் என்பது தெரியாது. தனக்கென்று மதர்போர்டு, டிஸ்க், திரை எல்லாம் இருப்பதாகவே நினைத்து வேலை செய்யும். ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370 என்று இதைக் கொடுத்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் தனித்தனிக் கணினிபோல் பகிர்ந்துகொள்ள உதவியது. மேசைக் கணினிக்கு 1999-இல் விஎம்வேர் கொண்டுவந்தது. நான் வைத்துக்கொண்டது விர்ச்சுவல்பாக்ஸ். ஜெர்மனியின் இன்னோடெக் 2007-இல் வெளியிட்டு, சன் வழியாக 2010-இல் ஆரக்கிள் கைக்கு வந்தது. அடிப்படைத் தொகுப்பு இலவசம், மூல நிரலும் திறந்தது.

முதல் வேலை டிஸ்க். கேபினெட்டின் பவர் சப்ளை செத்துப் போயிருந்தது. வேறு மாட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்றார் மாமா. நான் வேண்டாம் என்றேன். இத்தனை வருஷம் சுற்றாத டிஸ்க், முதல் தடவை சுற்றுவதே கடைசியாகவும் இருக்கலாம். சுற்றும் அந்த நேரத்தில் எக்ஸ்பி அதன்மேல் எழுதிக்கொண்டிருக்கக்கூடாது, நாம் படித்துக்கொண்டிருக்கவேண்டும். டிஸ்க்கைக் கழற்றி, ஜம்பரை மாஸ்டர் நிலையில் வைத்து, தனி மின்சாரம் உள்ள ஐடிஇ-யுஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டினேன். லினக்ஸை பென் டிரைவிலிருந்து பூட் செய்து டிடிரெஸ்க்யூ கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒரே படிமக் கோப்பாக எடுத்தேன். அது படிக்க முடியாத இடங்களை முதலில் தாண்டிப் போய் நல்ல பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து காயம்பட்ட இடங்களைச் சுரண்டும். ராத்திரி முழுக்க ஓடியது. இடையில் கரண்டு போகாமல் இருக்கவேண்டுமே என்று நான் தூங்கவில்லை. விடிந்தபோது ஆறு சின்ன இடங்கள் தவிர எல்லாம் வந்திருந்தன.

இந்தப் படிமத்தின் ஒரு நகலை விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஏற்ற விடிஐ வடிவத்துக்கு மாற்றி, புதிய மெய்நிகர் கணினி ஒன்று உருவாக்கி அதில் மாட்டி, ஸ்டார்ட் அழுத்தினேன். அழுத்தியதும் கிடைத்தது பிழைச் செய்தி: விடி-எக்ஸ் வசதி பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறது.

இன்டெல் சிப்புகளில் 2005 கடைசியில் வந்த வசதி இது. ஏஎம்டியில் இதற்கு எஸ்விஎம் என்று பெயர். உள்ளே ஓடும் கணினியின் கட்டளைகளைச் சிப்பே நேரடியாகத் தாங்கிக்கொள்ள இது வேண்டும். பல கணினிகளில் தொழிற்சாலையிலிருந்தே அணைத்து அனுப்பியிருப்பார்கள். கணினி எழும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்பதை எனேபிள் செய்யவேண்டும். சேமித்தபின் ஒரு தடவை முழுதாக அணைத்துப் போடுங்கள், வெறும் ரீஸ்டார்ட் சில மதர்போர்டுகளில் போதாது.

இரண்டாவது தடை ஆமை. ஆமாம், நிஜமாகவே ஓர் ஆமைப் படம். மெய்நிகர் கணினி ஓடும் ஜன்னலின் கீழ் வலது மூலையில் சின்னதாகப் பச்சை ஆமை தெரிந்தால், சிப்பின் வசதி விர்ச்சுவல்பாக்ஸுக்கு நேராகக் கிடைக்கவில்லை, நடுவில் விண்டோஸின் சொந்த மெய்நிகர் ஏற்பாடான ஹைப்பர்-வி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாவி ஒன்றுதான், ஹைப்பர்-வி வாங்கி வைத்துக்கொண்டால் மற்றவர் அதன் வழியாகத்தான் கேட்கவேண்டும். எல்லாம் நடக்கும், நத்தை வேகத்தில். விண்டோஸ் வசதிகள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் குறியை எடுத்தேன். அப்படியும் ஆமை போகவில்லை. விண்டோஸ் 11-இல் இன்னோர் இடம் இருக்கிறது: பாதுகாப்புப் பகுதியில் கோர் ஐசொலேஷன், அதற்குள் மெமரி இன்டெக்ரிட்டி. அதையும் அணைத்து மறுபடி எழுப்பியதும் ஆமை போய் வழக்கமான சிப் படம் வந்தது. ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி உங்கள் கணினியைக் காக்கும் ஓர் அரண். டபிள்யூஎஸ்எல் 2, டாக்கர் போன்றவை வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மும் தேவை. நான் இந்த வேலை நடக்கும் நாட்களில் மட்டும் அணைக்கிறேன், முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுகிறேன்.

மூன்றாவது, நீலத் திரை. எக்ஸ்பியின் சின்னம் ஒரு கணம் தெரிந்தது. மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அடுத்த கணம் நீலம். கடைசி வரியில் 7பி என்று முடியும் எண்.

"செத்துட்டாடே?" என்றார்.

சாகவில்லை. 7பி என்றால், எழுந்த எக்ஸ்பிக்குத் தன் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று பொருள். 2001-இல் பிறந்த எக்ஸ்பியின் கையிருப்பில் சாட்டா ஏஹெச்சிஐ முறைக்கு டிரைவர் கிடையாது. நான் மெய்நிகர் டிஸ்க்கை சாட்டாவில் மாட்டியிருந்தேன். அமைப்பில் போய் அதைக் கழற்றி ஐடிஇ கன்ட்ரோலரில், பிக்ஸ்4 வகையில், மாட்டவேண்டும். மாட்டினேன். மறுபடி அதே நீலம். பழைய மதர்போர்டின் ஐடிஇ டிரைவரையே எக்ஸ்பி நம்பிக்கொண்டிருந்தது. வீடு மாறிய மனிதர் இருட்டில் பழைய வீட்டு ஞாபகத்தில் சுவிட்சைத் தேடுகிறமாதிரி. எக்ஸ்பி சிடியிலிருந்து பூட் செய்து 'ரிப்பேர்' நிறுவல் செய்ததும் புதிய வன்பொருளைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. கோப்புகளும் நிறுவிய மென்பொருள்களும் அப்படியே இருந்தன. ஒரு குறிப்பு: ரிப்பேர் என்ற சொல் அந்தச் சிடியில் இரண்டு இடத்தில் வரும். முதல் திரையில் வரும் ரிக்கவரி கன்சோல் அல்ல நமக்கு வேண்டியது. நிறுவலுக்கு எண்டர் கொடுத்து, உரிம ஒப்பந்தத்துக்கு எஃப்8 அழுத்தியபிறகு, பழைய விண்டோஸ் இருப்பதைக் கண்டுபிடித்து ஆர் விசையைக் கேட்கும். அதுதான். வன்பொருள் மாறியதால் உரிம எண்ணையும் கேட்கும். மாமா பெட்டியோடு வாங்கியதால் அட்டையில் எண் இருந்தது.

அப்புறம் திரையில் மாமாவின் கடை எழுந்து வந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் வால்பேப்பர், இடது ஓரத்தில் 'கல்யாணம்', 'கொடை', 'சர்ச்', 'மற்றவை' என்று நான்கு ஃபோல்டர். மாமா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

நெட்வொர்க் அட்டையை நான் அமைப்பிலேயே துண்டித்துவிட்டேன். இதில் சமரசம் வேண்டாம். எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. இணையத்தில் விடத் தகுந்ததல்ல. நம் தேவைக்கு இணையமும் வேண்டாம். நினைவகம் 512 எம்பி, ஒரே ஒரு சிபியு, அதுவே எக்ஸ்பிக்குத் தாராளம். நிறையக் கொடுத்தால் வேகமாக ஓடும் என்று நான்கு சிபியு கொடுக்கத் தேவையில்லை.

அடுத்து யுஎஸ்பி பூட்டு. தமிழ் மென்பொருளைத் திறந்தால் 'லாக் காணவில்லை' என்றது. பூட்டு என் கணினியின் யுஎஸ்பியில் செருகியிருக்கிறது, ஆனால் வெளியே உள்ள விண்டோஸ் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. மெய்நிகர் கணினியின் யுஎஸ்பி அமைப்பில் அந்தப் பூட்டுக்கென்று ஒரு ஃபில்டர் சேர்த்தால், செருகியதும் அது நேராக உள்ளே போகும். கன்ட்ரோலர் வகை 1.1 அல்லது 2.0 ஆக இருக்கட்டும். 3.0-வை எக்ஸ்பி அறியாது. (லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டுகிறவர்கள் தங்கள் பயனர் பெயரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்க்காவிட்டால் யுஎஸ்பி பட்டியலே காலியாகத் தெரியும். அங்கே செக்யூர் பூட் இருந்தால் கர்னல் டிரைவருக்குக் கையெழுத்து இடவேண்டிய வேலையும் உண்டு.)

ஆசிரியரின் கோப்பைத் திறக்க நான் மவுஸை நகர்த்தினேன். மாமா கையைப் பிடித்தார். "மொதல்ல பாண்டு எல்லாம் கெடக்கான்னு பாரு. பாண்டு இல்லாம தொறந்து சேவ் பண்ணிராத." அனுபவம் என்றால் இதுதான். எழுத்துரு இல்லாமல் திறந்தால் பேஜ்மேக்கர் 'பனோஸ்' என்றொரு கட்டத்தைக் காட்டி, இல்லாததற்குப் பதில் இன்னதை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் ஓகே கொடுத்துச் சேமித்தால் எழுத்துருவின் பெயரே கோப்பிலிருந்து மாறிவிடலாம். அப்புறம் எது எந்த எழுத்துருவில் இருந்தது என்று யார் சொல்வது? பார்த்தோம். இரண்டு எழுத்துருக் கோப்புகள் காயம்பட்ட அந்த ஆறு இடங்களில் சிக்கியிருந்தன. மாமா வீட்டுக்குப் போய் ஒரு சிடி உறையோடு வந்தார். அவை அதில் இருந்தன. ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, அதாவது இந்த நிமிஷ நிலைக்குத் திரும்பிவர வழி வைத்துவிட்டு, கோப்பைத் திறந்தோம்.

56 பக்கமும் வந்தன. படங்கள் இருந்த இடத்தில் படங்கள், கோடுகள் இருந்த இடத்தில் கோடுகள்.

பிடிஎஃப் எடுக்க எக்ஸ்பிக்குள் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரைச் சேர்த்து, போர்ட்டை ஃபைல் என்று வைத்து அச்சிட்டேன். வந்த கோப்பைப் பகிர்வு ஃபோல்டர் வழியாக வெளியே கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்டில் பிடிஎஃப் ஆக்கினேன். எழுத்துருவும் உள்ளேயே பதிந்து வந்தது. ஆக, பார்க்க ஒரு பிரதி தயார். தேடவும் திருத்தவும் யூனிகோடு பிரதி வேண்டுமே. உரையைத் தனியாக ஏற்றுமதி செய்து மாற்றினேன். இங்கேதான் அந்தப் பழைய நோய். 'வெள்ளைப் பாவு' என்பது 'வௌ்ளைப் பாவு' என்று வந்தது. 'வெளியே' என்பது 'வௌியே'. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலது பாதிக்கும் 'ள'வுக்கும் ஒரே வடிவம், ஒரே இடம். கொம்பு, வ, ள என்று மூன்று குறியைப் பார்த்ததும் மாற்றி அதை 'வௌ' என்று படித்துவிடுகிறது. இணையத்தில் எத்தனையோ நல்ல நூல்களில் இந்த 'வௌி' இன்றும் திருத்தப்படாமல் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். இந்தப் புத்தகத்தில் ஒன்றுகூட விடக்கூடாது என்று ஒவ்வொரு 'ௌ'வையும் தேடி நிறுத்திப் பார்த்தேன். மாற்றும் உரைக்கு மூலம் இன்னும் ஜன்னலுக்குள் உயிரோடு இருப்பதால், சந்தேகம் வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. மாற்றிய உரை வந்தபிறகும் மெய்நிகர் கணினியைக் கலைக்கவேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

டிடிபி கடை வைத்திருந்தவர்கள் குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். நூலக மலர்கள், சங்க அறிக்கைகள், அச்சேறாத உள்ளூர் வரலாறுகள் எல்லாம் அவர்கள் தட்டுகளில்தான் இருக்கின்றன. கேபினெட்டை ஆக்கர் கடையில் எடைக்குப் போடுமுன் டிஸ்க்கை மட்டுமாவது கழற்றி வையுங்கள். சிடிகளை முதலில் நகலெடுங்கள், எங்கள் ஊர் ஈரத்தில் அவற்றின் வெள்ளிப்பூச்சு உரிகிறது. மாமாவின் உறையில் இருந்த பதினொன்றில் மூன்று ஏற்கெனவே போய்விட்டன. எழுத்துரு, நிறுவும் சிடி, பூட்டு, எண் எழுதிய அட்டை நான்கும் ஒரே டப்பாவில் இருக்கட்டும். ஸ்னாப்ஷாட்டைக் காப்பு நகல் என்று நினைத்துவிடாதீர்கள். அது அதே டிஸ்க்கில் இருக்கும், டிஸ்க் போனால் அதுவும் போகும். மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு அதன் ஃபோல்டரையே வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கவேண்டும். என்னிடம் ஒன்று, மாமாவிடம் ஒன்று, ஆசிரியரின் மகளிடம் ஒன்று என மூன்று இருக்கிறது.

31-ஆம் பக்கத்தில் தறிப் படத்தின் ஓர் உறுப்புக்கு அம்புக்குறி இருக்கிறது, எதிரே சொல்லுக்கான இடம் காலி. கேட்டுச் சேர்க்கலாம் என்று ஆசிரியர் விட்டுவைத்திருக்கவேண்டும். அந்த நெசவுத் தெருவில் இன்னும் தறியில் உட்காருகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறோம்.